புகையைப் பற்றி மாமாவுக்கு

ஞாயிறு இரவு
பெலோ ஹொரிசோன்ட்டே, பிரேசில்

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையின் முழங்காலுக்கு எண்ணெய் மட்டும் தடவிக்கொண்டிருக்க வேண்டாம். மழை பிடிப்பதற்குள் ராமநாதபுரம் கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள்.

போன வாரம் போனில் நீங்கள் ஒன்று கேட்டீர்கள். "மரத்த எரிச்சாலும் புகைதான், நிலக்கரிய எரிச்சாலும் புகைதான். இதுல எது சுத்தம், எது அழுக்கு?" லைன் சரியில்லை, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது மாமா. இரண்டு வரியில் சொல்ல எனக்கு வரவில்லை. உலைகளில் நிலக்கரிக்குப் பதில் மரக்கரி போடுவதை ஆராயும் இந்த வேலையில் ஐந்து வருடமாக இருக்கிறேன், இதைவிடச் சரியான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வியாழக்கிழமை ஒரு தைல மரத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்கள். இந்த மாநிலத்துக்கு மினாஸ் ஜெராய்ஸ் என்று பெயர். மண்ணைப் பார்த்தாலே இரும்பு தெரியும், செங்கல் பொடி மாதிரி சிவப்பு. இரும்புக் கல் மலை மலையாக இருக்கிறது, ஆனால் உலைக்கு ஏற்ற நல்ல நிலக்கரி இந்த நாட்டில் கிடையாது. அதனால் உலகம் முழுக்க நிலக்கரிக்கு மாறிய பிறகும் இவர்கள் மரக்கரியை விடவில்லை. உலகத்திலேயே அதிகமாக மரக்கரி சுடும் நாடு இதுதான். இந்த மாநிலத்திலேயே திமோத்தியோ என்ற ஊரில் அபெராம் நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. துருப்பிடிக்காத எஃகு செய்கிறார்கள். அங்கே ஊது உலைக்குள் போவது முழுக்கத் தோட்டத்து மரக்கரி.

தோட்டத்தில் மரங்கள் வரிசை பிசகாமல் நிற்கின்றன. நட்டு ஏழு வருடத்தில் வெட்டுகிறார்கள். வெட்டிய கட்டையைக் காய வைத்துச் சூளைக்குக் கொண்டுபோகிறார்கள். பழைய சூளைகள் நீங்கள் கரி சுடப் போடும் மூட்டம் மாதிரியே கவிழ்த்த சட்டி வடிவம்தான், செங்கல்லில் கட்டியது. அதற்கு இவர்கள் மொழியில் 'சூடான வால்' என்று பெயர். புதுச் சூளைகள் நீளக் கொட்டகை போல இருக்கின்றன, லாரியே உள்ளே போய்க் கட்டையை இறக்கிவிட்டு வரும். சூளைக்காரர் ஒருவர் ஒரு கரிக் கட்டியை எடுத்துக் கையில் கொடுத்தார். மரத்தின் வளையம் வளையமான கோடுகள் அப்படியே இருந்தன. நடுவிலிருந்து நட்சத்திரம் மாதிரி மெல்லிய விரிசல். நீங்கள் சொல்லித்தந்தது போல விரலால் சுண்டிப் பார்த்தேன். கணீர் என்றது. அந்த ஆள் சிரித்துவிட்டார். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாத எங்களுக்கு அதற்குமேல் பேச ஒன்றும் இருக்கவில்லை, நல்ல கரி என்று இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

இரும்புக் கல் என்பது ஏறக்குறைய துருதான் மாமா. இரும்பை ஆக்சிஜன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டும், அதுதான் கரி. உலைக்குள் கரி அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடாக மாறும். அது கல்லிலிருந்து ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு கரியமில வாயுவாக மேலே போய்விடும், இரும்பு உருகிக் கீழே இறங்கும். ஆகையால் உலையிலிருந்து வருவது வெறும் அடுப்புப் புகை அல்ல. இரும்பிலிருந்து கழற்றிய ஆக்சிஜனே கரியோடு சேர்ந்து வாயுவாகப் போகிறது. அடுப்பை நன்றாகக் கட்டினால் புகை குறையும் என்று வீட்டில் சொல்வோமே, அது இங்கே ஓரளவுக்குமேல் செல்லாது. கரியை வைத்து இரும்பு எடுக்கும்வரை வாயு வரத்தான் செய்யும். நிலக்கரி வழியில் ஒரு டன் எஃகு செய்தால் ஏறத்தாழ இரண்டு டன் கரியமில வாயு காற்றில் சேர்கிறது.

மரக்கரி போட்டாலும் அதே வாயுதான் வரும். நீங்கள் சொன்னது சரி. வித்தியாசம் அது எங்கிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. நம் கண்மாய்க்கரைச் சீமைக் கருவேலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய தூரிலிருந்து மூன்று நான்கு வருடத்தில் மறுபடி கை பருமனுக்கு வந்து நிற்கிறது. அந்தக் கட்டையில் உள்ள கார்பன் முழுவதும் அந்த மூன்று நான்கு வருடத்தில் நம் ஊர்க் காற்றிலிருந்து இலை உறிஞ்சியது. சுட்டு உலையில் போட்டால் எடுத்த இடத்துக்கே திரும்பிப் போகிறது, அடுத்த தளிர் மறுபடி எடுத்துக்கொள்கிறது. நிலக்கரியும் ஒரு காலத்தில் மரம்தான். ஆனால் அது மண்ணுக்குள் போய் முப்பது கோடி ஆண்டு ஆகிறது. அதைத் தோண்டி எரித்தால் இன்றைய காற்றுக் கணக்கில் இல்லாத வாயு புதிதாக வந்து சேர்கிறது. அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள எந்தத் தளிரும் காத்துக்கொண்டிருக்கவில்லை.

இது பாதிப் பதில்தான். இதோடு நிறுத்திவிட்டு 'ஆகவே மரக்கரி சுத்தம்' என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. மறுபடி முளைக்க விட்டால்தான் இந்தக் கணக்கே நேராகும். இதே பிரேசிலில் பல பத்தாண்டுகள் இயற்கைக் காட்டை வெட்டித்தான் கரி சுட்டார்கள். நூறு வருட மரத்தை ஒரு வாரத்தில் கரியாக்கிவிட்டு அந்த இடத்தை மாட்டுக்கு விட்டுவிட்டால், அது நிலக்கரியைத் தோண்டியதற்கு எந்த வகையில் மேல்? வடக்கே கராஜாஸ் பக்கத்தில் இரும்பு உலைகளுக்காகக் காடு போன கதை இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நம் பக்கத்திலேயே இது நடந்திருக்கிறது. கல்லூரியில் படிக்கும்போது பரங்கிப்பேட்டைக்கு ஒரு நாள் போனேன், உங்களிடம் சொல்லியிருக்கிறேனா நினைவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர், வேலையை விட்டுவிட்டு 1830 வாக்கில் அங்கே இரும்பாலை போட்டார். சேலம் பக்கத்துக் கல், தென்னாற்காடு காட்டுக் கரி. இரும்பு நன்றாகவே வந்தது, கப்பலேறி இங்கிலாந்துவரை போனது. ஆனால் காடு வெட்ட வெட்டப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது, கரி வண்டி வர வரத் தொலைவிலிருந்து வர வேண்டியதாயிற்று. பணமுடையும் சேர்ந்துகொண்டது. கைமாறி இழுத்துப் பிடித்துக்கொண்டு போய்க் கடைசியில் உலை அணைந்தது. சேலத்தில் கல் இன்னும் அப்படியே இருக்கிறது. வெட்டிய காட்டை யாராவது திரும்ப வளர்த்தார்களா என்று அன்றைக்கு அங்கே நின்று நான் யோசித்தேன். காட்டுக் கரியை மட்டும் நம்பி உலை கட்டினார்கள். இப்போது நம் நாட்டில் எஃகு ஆலைகள் மரக்கரிக்கு உயிர்க்கரி என்று புதுப்பெயர் வைத்துப் பேச ஆரம்பித்திருக்கும்போது, முதலில் அவர்கள் போய்ப் பார்க்க வேண்டிய இடம் பரங்கிப்பேட்டை.

ஹீத் இன்னொன்றும் எழுதி வைத்திருக்கிறார். நம் ஊர்க் கொல்லர்கள் எஃகு செய்யும்போது, சிறு மண் குடுவைக்குள் இரும்புத் துண்டோடு காய்ந்த ஆவாரங்குச்சியைப் போட்டு, எருக்கிலையால் மூடி, களிமண்ணால் வாயை அடைத்துச் சுடுவார்களாம். இரும்புக்குள் கார்பன் ஏறி எஃகு ஆவதற்குத்தான் அந்த ஆவாரை. நாம் பொங்கலுக்குக் காப்புக் கட்டும் அதே ஆவாரை மாமா. இரும்புக்கு மரத்தின் கார்பனை ஊட்டுவது இன்றைக்கு யாரோ ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தது இல்லை. எவ்வளவு ஊட்டலாம், எதிலிருந்து எடுத்து ஊட்டலாம் என்பதில்தான் இன்றைய வேலை எல்லாம்.

அடுத்தது உங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். மூட்டத்தின் புகை.

சின்ன வயதில் உங்களோடு மூட்டத்துக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த இரவுகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. முதல் நாள் வெள்ளையாகக் குபுகுபுவென்று வரும். "அது தண்ணி, ஒண்ணும் செய்யாது" என்பீர்கள். பிறகு மஞ்சள் கலந்து கண்ணைக் கரிக்கும் புகை. அப்போது என்னைக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் தள்ளிப் படுக்கச் சொல்வீர்கள். கடைசியில் மெல்லிசாக நீலப் புகை வந்ததும் எழுந்துபோய் ஒவ்வொரு ஓட்டையாகச் சேற்றைப் பூசி அடைப்பீர்கள். இங்கே சூளைக்குச் சூளை வெப்பமானி செருகி வைத்திருக்கிறார்கள். அது காட்டுவதும் நீங்கள் சொன்னதும் ஒன்றுதான். முதலில் ஈரம் போகிறது, 280 டிகிரி தாண்டியதும் மரம் தானாகவே சூடு விட்டு உடைய ஆரம்பிக்கிறது, தார் எல்லாம் வெளியேறிய பிறகு மிஞ்சுவது கரி.

அந்த மஞ்சள் புகையில் தாரோடு மீத்தேன் என்ற வாயுவும் வருகிறது. பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு கெட்டது. ஆக, முளைக்கும் மரத்தையே வெட்டி, அளவாகவே சுட்டாலும், புகையை அப்படியே காற்றில் விட்டால் கணக்கு உதைக்கிறது. நம் மூட்டமும் இந்த ஊர்ப் பழைய சூளையும் இதில் ஒன்றுதான். இப்போது இங்கே சில இடங்களில் பல சூளைப் புகையையும் குழாயில் சேர்த்து ஒரு தொட்டியில் எரித்துவிடுகிறார்கள், அந்தச் சூட்டிலேயே அடுத்த கட்டையைக் காய வைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அப்படி ஒரு தொட்டிப் பக்கம் நின்றேன். கரி வேகிறது, ஆனால் கண் எரியவில்லை. அந்த இடத்தில் எனக்கு உங்கள் இருமல்தான் நினைவுக்கு வந்தது. முப்பது வருடம் அந்த மஞ்சள் புகையைக் குடித்த நெஞ்சு அது. பூமியைச் சூடாக்குவதும் உங்கள் நெஞ்சை அடைப்பதும் ஒரே புகை. ஒன்றைச் சரிசெய்தால் மற்றதும் சரியாகும் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

உலைக்கு வருகிறேன். நிலக்கரியைக் காற்றில்லாமல் வேக வைத்தால் கோக் கிடைக்கும். 1709இல் இங்கிலாந்தில் ஆப்ரஹாம் டார்பி கோக்கைப் போட்டு இரும்பு எடுத்துக் காட்டினார், நாளடைவில் மரக்கரியின் காலம் அங்கே முடிந்தது. கோக்கின் பெரிய பலம் அதன் உறுதி. ஊது உலை பல மாடி உயரம். மேலேயிருந்து கல்லும் கோக்கும் மாறி மாறிக் கொட்டுவார்கள். கீழே கல் எல்லாம் உருகிக் கூழாகும்போது, அத்தனை பாரத்தையும் தாங்கிக்கொண்டு, நடுவே காற்றுப் போக வழிவிட்டு நிற்பது கோக் மட்டும்தான். மரக்கரியால் அந்தப் பாரத்தைத் தாங்க முடியாது. நொறுங்கிப் பொடியானால் காற்று அடைத்துக்கொள்ளும், உலை மூச்சு முட்டும். அதனால்தான் இங்கே மரக்கரி உலைகள் எல்லாம் சிறியவை. மரக்கரிக்கு எடையும் குறைவு. ஒரு டன் கோக் அடைக்கும் இடத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் வேண்டும் மரக்கரிக்கு. அதற்கு நல்ல குணமும் உண்டு. கந்தகம் அநேகமாக இல்லை, சாம்பல் குறைவு, கிடைக்கும் வார்ப்பிரும்பு சுத்தமாக இருக்கும்.

நிலம் பற்றி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு டன் இரும்புக்குச் சுமார் 600 முதல் 700 கிலோ மரக்கரி, அதற்கு இரண்டரை டன் காய்ந்த கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்குள்ள நல்ல தைலத் தோட்டத்தில் ஒரு ஹெக்டேருக்கு வருடம் 18 டன் கட்டை வந்தால் பெரிய விளைச்சல். உலகம் வருடத்துக்கு ஏறத்தாழ 130 கோடி டன் இரும்பை ஊது உலையில் எடுக்கிறது. அத்தனைக்கும் மரக்கரிதான் என்றால் 18 கோடி ஹெக்டேர் வேண்டும். இந்தியாவின் பரப்பில் பாதிக்கு மேல்! நெல்லும் கம்பும் எங்கே விளையும்? தண்ணீருக்கு என்ன செய்வது? புதுக்கோட்டைப் பக்கம் தைல மரத்தால் தண்ணீர் கீழே போய்விட்டது என்று விவசாயிகள் எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இந்த மாநிலத்தின் வடபகுதியில் ஓடை வறண்டுபோனவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காமல் எழுதும் எந்தத் திட்டத்திலும் என் பெயர் இருக்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஆகவே எல்லா நிலக்கரிக்கும் பதில் மரக்கரி என்பது நடக்காத காரியம். எங்கே வேறு வழியில்லையோ அங்கே அதை வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். சோலார் தகட்டுக்குப் போகும் சிலிக்கானை எடுத்துக்கொள்ளுங்கள். அது இருக்கும் வெண்கல்லிலிருந்து (குவார்ட்ஸ்) ஆக்சிஜனைப் பிடுங்க, இரும்புக்கு முடிவது போல, ஹைட்ரஜனால் முடியாது, கார்பன்தான் வேண்டும். நார்வேயின் உலைகளில் நிலக்கரியோடு மரத்துண்டும் மரக்கரியும் சேர்த்துத்தான் போடுகிறார்கள். வெயிலில் மின்சாரம் எடுக்கும் தகடு நிலக்கரியில் பிறக்கிறது என்று முதலில் தெரிந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. பெரிய ஊது உலைகளிலும் ஓர் இடம் இருக்கிறது. கோக்கோடு கூட, பக்கவாட்டுக் குழாய் வழியாக நிலக்கரிப் பொடியை ஊதுவார்கள். ஊதுகிற பொடிக்கு உறுதி எதற்கு? அதில் மரக்கரிப் பொடியைக் கலக்கலாம். பழைய இரும்பை உருக்கும் மின் உலையிலும் கசடு நுரைத்து எழக் கொஞ்சம் கரிப்பொடி வேண்டும். நாளைக்கு ஹைட்ரஜனில் இரும்பு எடுத்தாலும் அதில் கார்பன் இருக்காது, கார்பன் ஏறாமல் அது எஃகு ஆகாது. ஆவாரங்குச்சி வேலை அப்போதும் பாக்கி இருக்கும்.

நம் நாடு உலைக்கு வேண்டிய நிலக்கரியில் பெரும்பகுதியை ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வாங்குகிறது. 2024 டிசம்பரில் மத்திய அரசு பசுமை எஃகு என்றால் என்ன என்று வரையறுத்தது. ஒரு டன்னுக்கு 2.2 டன் கரியமில வாயுவுக்குக் குறைவாக இருந்தால்தான் அந்தப் பெயர். அதனால் ஆலைக்காரர்கள் இப்போது கரி தேடத் தொடங்குவார்கள். அவர்கள் கண்ணில் நம் சீமைக் கருவேலம் படும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே அகற்றச் சொன்ன மரம், கண்மாயை அடைத்துக்கொண்டு நிற்கும் மரம். அதை வெட்டிக் கரியாக்கி உலைக்கு அனுப்பினால் கண்மாய்க்கும் நல்லது. அந்தக் கரிக்குத் தைலக் கரியைவிடக் கனம், உறுதி அதிகம். இது எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது.

பயமும் இருக்கிறது. இங்கே கரிச் சூளைகளில் கடனுக்கு அடிமையாகக் கிடந்த தொழிலாளர்களை அரசு ஆய்வாளர்கள் போய் மீட்ட செய்திகளை வரிசையாகப் படித்தேன். கூட்டிவந்த பஸ் செலவும் தின்ற சாப்பாடும் கடனாக எழுதப்பட்டு, எத்தனை மாதம் சுட்டாலும் தீராத கணக்கு. படிக்கப் படிக்க கரி வியாபாரியிடம் நீங்கள் வாங்கிய அட்வான்ஸை எழுதிய நோட்டுத்தான் கண்ணுக்குள் நின்றது. அந்த வியாபாரி ஒவ்வொரு மூட்டத்துக்கும் எடை போடும்போது தூசிக்கு, ஈரத்துக்கு என்று கழித்தது, நீங்கள் பேசாமல் கைநாட்டு வைக்கிற மாதிரி தலையை ஆட்டியது. அப்புறம் ஒரு வருடம் மூட்டத்தின் மேல் ஏறி ஓட்டை அடைக்கும்போது உள்ளே சரிந்து உங்கள் வலது கால் முழங்கால்வரை வெந்தது. ஆஸ்பத்திரிச் செலவும் அட்வான்ஸில்தான் ஏறியது. அம்மா அன்றைக்கு அழுத அழுகையை நான் மறக்கவில்லை. உலைக்கு நம் ஊரிலிருந்து கரி போகும் நாள் வந்தால், அது ஒரு காலை வேக வைத்து எடுத்த கரியாக இருக்கக் கூடாது. செங்கல்லால் கட்டிய கரிச் சூளை, புகை எரிக்கும் தொட்டி, ஊர்க்காரர்கள் பெயரிலேயே எடைமேடை, இவ்வளவும் விலைக்குள் வர வேண்டும். வராவிட்டால் அதைப் பசுமை என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன். மேலாளரிடமும் இதைச் சொல்லிவிட்டேன்.

உங்களிடம் ஓர் உதவி கேட்க வேண்டும். பொங்கலுக்கு முன் வருகிறேன். அதற்குள் மூட்டம் போட்டால், தூர்க்கட்டைக் கரியில் நாலு கட்டி, கிளைக் கரியில் நாலு கட்டி எடுத்து வையுங்கள். கிளையில் பட்டை அதிகம். பட்டையோடு சுட்டால் சாம்பலும் பாஸ்பரசும் கூடும், அது இரும்பைக் கெடுக்கும். எவ்வளவு கூடுகிறது என்று பார்க்க வேண்டும். தண்ணீர் தெளித்து அணைத்த கரி வேண்டாம், விரிசல் விட்டிருக்கும். மண் போட்டு மூடித் தானாக ஆறியதாக இருக்கட்டும். மூட்டத்தின் உச்சியில் எடுத்ததா, அடியில் எடுத்ததா என்று தம்பியை விட்டுத் தாளில் எழுதி ஒவ்வொன்றோடும் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் போட வேண்டாம், வேர்த்துவிடும். பழைய வேட்டித் துணி போதும். அடுப்படிப் பரணில் வைத்தால் ஈரம் ஏறாது.

எடுப்பதற்கு நீங்கள் மேலே ஏறக் கூடாது. தம்பியையும் ஏற விடாதீர்கள். நீளக் கம்பியால் ஓரத்திலிருந்து இழுத்தால் போதும்.

இந்தச் சூளைக்காரர் கொடுத்த கட்டியைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். விமான நிலையத்தில் விட்டால் கொண்டுவருகிறேன். நீங்களே சுண்டிப் பார்த்துச் சொல்லுங்கள், நம் தூர்க்கரி அளவுக்கு வருமா என்று.

உங்கள் அன்பு மருமகள்